கோட்டுப் போட்டுக்கொண்டு பொரிச்ச கருவாடு

இண்டைக்கு மத்தியானம் எங்கட நகரத்து வில்லரேப் பகுதியில ஒரு சின்னப் பிலிப்பீன்ஸ் சாப்பாட்டுக் கடைக்குப் போனம். கதவைத் திறக்கவே கருவாடு பொரிக்கிற வாசம்!

உள்ளிப்பூண்டு போட்டுப் பிரட்டின சோறு, முட்டைப் பொரியல், மொறுமொறுவெண்டு கருவாடு, தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட வினாகிரி. என்ன ருசியடா!

எண்பதுகளில இஞ்ச அகதியா வந்த புதுசில, மணத்துக்கு வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவான் எண்ட பயத்தில, ஸ்னோ கொட்டேக்கையும் சன்னலெல்லாம் திறந்துவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு கருவாடு பொரிச்ச ஆக்கள் நாங்கள்.

கடைக்கார மனிசியிட்டைக் கேட்டன்: "மணக்குதெண்டு கட்டடச் சொந்தக்காரர் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

அவ மூலை மேசையைக் காட்டினா. "அந்தா இருக்கிறார். ரெண்டாவது பிளேட் சாப்பிடுறார்."

என்ர மனிசி மெதுவாச் சொன்னா: "அண்டைக்கு நாங்களும் வீட்டுக்காரனுக்கு ஒரு பிளேட் குடுத்துப் பாத்திருக்கலாம்."

உங்களில ஆரும் குடுத்துப் பாத்தனீங்களோ?