கல்வீடுகளைச் சுத்தம் செய்தவர்

ஊரில் அவரைக் குழிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கு மேற்கே உள்ள மொட்டைக் குன்றின் உச்சியில், எழுத்து தோன்றுவதற்கு முன் வாழ்ந்த மக்களின் புதைகுழிகள் இருந்தன. நான்கு பலகைக் கற்களைப் பெட்டி போல நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி, சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். கிழக்குப் பக்கக் கல்லில் ஆள் தோள் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஊரார் அவற்றைக் கல்வீடு என்பார்கள். குழிக்காரர் அங்கே தொல்லியல் துறை வைத்த காவலாளி. நான் அந்தத் துறையின் அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன். நான் பார்க்காதவற்றை அவரிடமோ அவர் மனைவியிடமோ கேட்டே எழுதுகிறேன். இருவரும் சொன்னது ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டேன்.

காவலுக்கு வருமுன் அவர் எதிர்க்குன்றின் கல்குவாரியில் வேலை பார்த்தார். தம்பியும் அங்கேதான். ஒரு காலையில் வைத்த வெடியில் பாறைமுகம் முழுவதும் சரிந்து தம்பியை மூடியது. தோண்டினால் இன்னும் சரியும் என்று சொல்லி, முதலாளி அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் வெட்டப் போனார். உடலை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் குவாரிக்குள் கால் வைக்கவில்லை. காவலாளி வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

வேலை கடினமானதல்ல. ஆடுகளை விரட்ட வேண்டும், கல்லில் பெயர் செதுக்க வருகிறவர்களைத் திட்ட வேண்டும். தேநீர்க் கடையில் அவரைச் சீண்டாத நாள் கிடையாது.

"என்ன குழிக்காரரே, உங்க ஆளுங்க யாராவது எழுந்திரிச்சாங்களா?"

"எழுந்தா முதல்ல உன் கடைக்குத்தான் அனுப்புவேன். உன் டீயக் குடிச்சா தானா திரும்பப் போய்ப் படுத்துக்குவாங்க."

வீட்டிலும் அதே கதைதான். அடிவாரத்தில் துறை கொடுத்த ஓட்டு வீடு. மழை வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் குண்டான் வைக்க வேண்டும். "செத்தவங்க வீட்டைப் போய் நாள் முழுக்கக் கூட்டிட்டு வர்றீங்க. உசுரோட இருக்கிறவ தலையில ஒழுகுது, அது கண்ணுல படல" என்பார் மனைவி.

கூட்டுகிறார் என்று அந்த அம்மாள் நினைத்திருந்தார். உண்மையில் அவர் அள்ளிக்கொண்டிருந்தார். கல்வீடுகளுக்குள் காலங்காலமாக மண் நிறைந்து கிடந்தது. துளை வழியாகக் கையை விட்டு, தேய்ந்த கொத்துக் கரண்டியால் சுரண்டி, கூடையில் அள்ளி, வடக்குச் சரிவில் கொட்டினார். மண்ணோடு உடைந்த பானைச் சில்லுகளும் வெளுத்த பொடியும் வந்தன. அவையும் சரிவுக்குப் போயின. பிறகு தொங்கிக்கொண்டிருந்த மூடுகற்களுக்குச் சிமெண்ட் வைத்து முட்டுக்கொடுத்தார். ஏன் என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறார். "மண்ணு நெஞ்சுமேல கிடந்தா எப்படிம்மா இருக்கும்?" என்றாராம். அதற்குமேல் அந்த அம்மாள் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அதனால் எவருக்கும் தெரியவில்லை.

எதிர்க்குன்றில் கல் தீர்ந்தது. குவாரி முதலாளி மொட்டைக் குன்றைக் கேட்டு விண்ணப்பித்தார். குன்றுக்கு இருந்தது தற்காலிகப் பாதுகாப்புதான். அதை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நடுவயதுப் பெண், நல்ல மாதிரி. முழுக் குன்றையும் ஏறினார். நானும் மூச்சு வாங்க ஏறினேன். குழிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். இந்த அம்மா ஒரு வார்த்தை எழுதினால் குவாரிக்காரன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆய்வாளர் முதல் துளையில் விளக்கடித்துப் பார்த்தார். அடுத்ததிலும் பார்த்தார். நாலைந்து பார்த்தபின் எழுந்து நின்றார்.

"உள்ள இருந்த மண்ணு எங்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேம்மா. உள்ள எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. மேல இருக்கிற கல்லும் இனி விழாது."

அந்த அம்மா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, எங்களுக்கு வேண்டியது கல்லு இல்ல. அந்த மண்ணுதான். யாரு, எப்போ, எப்படி வச்சாங்கன்னு அதுல இருந்துதான் தெரியும். கலைக்காத குழி ஒண்ணாவது இருந்தா நான் எழுதிடுவேன். ஒண்ணு இருக்கா?"

குழிக்காரர் குன்றைச் சுற்றிப் பார்த்தார். அவர் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

மறுநாளே அவர் சரிவிலிருந்து மண்ணை அள்ளி மேலே சுமக்கத் தொடங்கினார். மனைவியும் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடை தூக்கினார். துளை வழியாகப் போட்டுப் போட்டு, முதல் கல்வீட்டில் பாதி நிறைந்தது. அப்போது மனைவி கேட்டார்: "ஏங்க, இது இந்த வீட்டு மண்ணுதானா?"

அவர் கூடையை இறக்கி வைத்தார். எல்லா மண்ணும் சரிவில் ஒன்றாகக் கிடந்தது. மழை அதில் பாதியை ஓடைக்கு இழுத்துப்போயிருந்தது.

ஆய்வாளர் தம்மால் ஆனதைச் செய்தார். கற்களுக்காகவாவது குன்றை விட்டுவைக்கலாம் என்று எழுதினார். கலைக்கப்பட்ட இடம், மறுகட்டுமானம் செய்யப்பட்டது, பாதுகாக்கத் தேவையில்லை என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அதைச் சொல்ல அவரே நேரில் வந்தார். குழிக்காரர் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். குவாரியைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? உள்ள எலும்பு ஒண்ணும் இல்லையே. நான் பார்த்துத்தான் அள்ளினேன்."

"இவ்வளவு காலத்துல எலும்பு மண்ணோட மண்ணா ஆயிடும்யா. சில சமயம் வெள்ளையா பொடி மாதிரி இருக்கும்."

"அப்போ ஆளுங்க அதுலதான் இருந்தாங்களா?"

ஆய்வாளர் ஆமாம் என்று தலையாட்டினார். "என் தம்பிய எடுக்க முடியல. இவங்கள நானே எடுத்துக் கொட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குழிக்காரர் உள்ளே போய்விட்டார்.

குன்று குவாரி முதலாளிக்குப் போனது. லாரி ஏற வடக்குச் சரிவுதான் தோதாக இருந்தது. குழிக்காரர் கொட்டிய மண்ணோடு சேர்த்து இயந்திரம் அதைச் சமப்படுத்தியது. முதல் லாரி ஏறிய அன்று நான் அங்கே இருந்தேன். குழிக்காரர் பாதையின் நடுவில் நின்று காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார், பிறகு தலையை நீட்டி, "பெரியவரே, சாக வேற இடம் கிடைக்கலையா?" என்று கத்தினார். மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"ஓரமா வாங்க. வண்டி வருது."

அவர் ஓரமாக வந்து நின்றார். லாரி அந்த மண்ணின்மேல் ஏறிப் போனது.