ஆப்பிள் மரத்துக்கு மஞ்சள் பூசினேன்

போன திங்கட்கிழமை காலை. கல்லில் முதல் தோசை வெந்துகொண்டிருந்தது. வெளியே மரம் அறுக்கிற மெஷின் சத்தம்.

நியூஜெர்சியில் எங்கள் டவுன்ஹோம் கம்யூனிட்டியில் குளிர்காலம் முடிகிற சமயத்தில் இந்தச் சத்தம் சகஜம். பனியின் பாரம் தாங்காமல் முறிந்தவை, உள்ளே உளுத்துப்போனவை... வயதான மரங்களில் எது இனித் தேறாது என்று அசோசியேஷன்காரர்கள் பார்த்து, அடிமரத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு வட்டம் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் லாரியோடு ஆட்கள் வருவார்கள். வட்டம் போட்ட மரம் அன்றோடு காலி.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் எங்கள் ஆப்பிள் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மெஷின் ரம்பம். வீட்டுக்குப் பின்னால் எங்கள் பாட்டியோ முற்றத்துக்குள் இருக்கும் மரம், எங்களுக்குச் சொந்தமான மரம். அதற்கு யார் மஞ்சள் வட்டம் போட்டது?

வேறு யார்... நான்தான்.

இந்த ஆப்பிள் மரம், வீட்டை வாங்கும்போதே கிழ மரம். பழம் புளிக்கும். அதில்தான் நான் தொக்கு கிளறுகிறேன் — செய்முறை கேட்டு உங்களில் பல பேர் எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் ஒரு தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியறியாத என் வீட்டுக்காரர், இந்த மரத்திடம் மட்டும் மயங்கிப் போனார். கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மனிதர் மரத்தில் கிளை வெட்டிவிடுவதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். ஒவ்வொரு பிப்ரவரிக் கடைசியிலும், மொட்டு கட்டுவதற்கு முன்னால், மரம் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வேன்.

முதலில் பட்டுப்போன கிளை. அப்புறம் ஒன்றோடொன்று உரசுகிற கிளைகளில் ஒன்று. அப்புறம் வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தாகக் கிளம்பும் விளார்கள். அத்தோடு நிறுத்திவிடுவார். வயதான மரத்தில் ஆசைப்பட்டு ஒரே வருஷத்தில் நிறைய வெட்டினால் தாங்காதாம்.

போன கோடையில் ஒருநாள் காபி டம்ளர் டபராவில் தானாகத் தந்தியடித்தது. வலது கை. டாக்டர், ஸ்கேன், இன்னொரு டாக்டர் என்று அலைந்து கடைசியில் ஒரு பெயர் வந்தது. பார்க்கின்சன். மாத்திரை கேட்கிறது, நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுவிட்டார். கோயிலுக்கு வரமாட்டார். ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு வரமாட்டார். சாயங்கால வாக்கிங் நின்றது. வாசலுக்கு வந்தாலும் இரண்டு கையும் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்.

நாம் ஒரு வினோதமான கூட்டம்தான். விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் கிரீன் கார்டு கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்வோம். வீடு என்ன விலை, பையனுக்கு என்ன சம்பளம் என்று கூச்சமே இல்லாமல் கேட்போம். வியாதியை மட்டும் ஏதோ திருட்டு நகை மாதிரி ஒளித்துவைப்போம். ஏன்? யாராவது பரிதாபப்பட்டுவிடுவார்கள் என்ற பயம். அவருக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். (இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதிக்கோ. தொக்கு நல்லாருக்கும்னு எழுதாதே, பொய் சொல்லாதே" என்றார்.)

பிப்ரவரி கடைசி வந்தது. யார் ஏணியில் ஏறுவது?

ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கும் மகள் வீடியோ காலில் வந்தாள். நான் தமிழில் கேட்டேன், வழக்கம்போல அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். "அம்மா, ஜஸ்ட் ஹயர் சம்படி. டோன்ட் லெட் அப்பா கிளைம்ப்."

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வர்றவன் முதல்ல கை குலுக்குவான் பானு" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? சேலையை விட்டு டிராக் பேன்ட்டுக்கு மாறிக் கையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு படி ஏறியதுமே ஏணி கிடுகிடுவென்று ஆடியது.

"ஏங்க, ஏணி ஆடுது."

கீழே ஏணியைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "ஏணி ஆடல. நான்தான்" என்றார்.

அப்புறம் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, ஏணியை அப்படியே கட்டிப்பிடித்து, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டார். "இப்ப ஆடுதா?"

"ஆடல."

எனக்கு அழுகை வந்தது. ரம்பத்தை வைத்துக்கொண்டு மரத்தின்மேல் நின்று எப்படி அழுவது? வேலையைப் பார்த்தேன். கீழேயிருந்து உத்தரவுகள் வந்தபடி இருந்தன. "அது இல்ல, பக்கத்துல. அடியில பாதி அறு, அப்புறம் மேலேர்ந்து அறு. இல்லாட்டி பட்டை உரிஞ்சுகிட்டு வந்துடும். கிளை கிளம்புற இடத்துல இருக்கற அந்தத் தடிச்ச வளையத்தை விட்டுட்டு வெட்டு." எத்தனையோ வருஷம் கீழே நின்றவள் நான். மேலேயிருந்து பார்த்தால் மரம் வேறு மாதிரி இருக்கிறது. அவருடைய வழுக்கையும்தான்.

கடைசியாகக் கீழே இருந்த ஒரு தடித்த கிளை. உளுத்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். அதை மட்டும் தரையில் நின்றபடியே அறுத்தேன். விழுந்ததும் அடிமரத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு வெட்டுவாய். ஈரமாக, வெளேரென்று, பச்சைப் புண் மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை.

"எதுவும் பூச வேணாம். அப்படியே விட்டாத்தான் நல்லது. மரமே மூடிக்கும்" என்றார். புத்தகமும் அப்படித்தான் சொல்கிறதாம்.

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். ஆனால் மனசு கேட்க வேண்டுமே. வீட்டில் யாருக்காவது கத்தி பட்டால் அப்படியே விட்டுவிட்டா தூங்கப் போவோம்? மஞ்சள்பொடியில் விளக்கெண்ணெய் ஊற்றிக் குழைத்தேன். இவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் வெளியே வந்து வெட்டுவாய் முழுக்க அப்பினேன். வட்டமாக, நன்றாக, தாராளமாக.

இப்போது திங்கட்கிழமைக்கு வாருங்கள்.

மெஷினை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடுவதற்குள் பாட்டியோக் கதவு திறந்துகிடந்தது. இவர் வெளியே. வேட்டி, ஸ்வெட்டர், தரையில் மிச்சமிருந்த பனியில் வெறும் ரப்பர் செருப்பு. இந்த வியாதியில் குரலும் தணிந்துபோய்விடும். அந்தச் சத்தத்துக்கு மேல் அவரால் கத்த முடியாது. இரண்டு தடவை ஏதோ சொன்னார், அவர்கள் காதில் விழவில்லை. நேராகப் போனார். வலது கையை ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். மஞ்சள் வட்டத்தின் மேலேயே வைத்தார்.

மெஷின் நின்றது.

கை ஆடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து மறைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"நாட் திஸ் ட்ரீ" என்றார் இவர். "திஸ் இஸ் நாட் பெயின்ட். மை வைஃப் புட் டர்மெரிக்."

அந்த இருவரில் பெரியவராக இருந்தவர் கையுறையைக் கழற்றி, விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். "டர்மெரிக்? லைக், ஃபார் கறி?" கூட இருந்தவர் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். அந்த மனிதர் அப்புறம்தான் இவருடைய கையைக் கவனித்தார். வேட்டியையும் செருப்பையும் பார்த்தார். "யூ மஸ்ட் பி ஃப்ரீஸிங், சார்" என்றார், நிஜமான அக்கறையோடு.

யோசித்துப் பாருங்கள். எவ்வளவு வசதியான பதில் கையில் வந்து விழுந்திருக்கிறது. ஆமாம், குளிர் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

இவர் ஆமாம் என்று சொல்லவில்லை.

"நோ. இட்ஸ் பார்க்கின்சன்ஸ்" என்றார்.

அந்த வார்த்தையை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "ஸாரி டு ஹியர் தட்" என்றார் அந்த மனிதர். பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாக வெட்டப்பட்டிருக்கிறது, இன்னும் பல வருஷம் நிற்கும் என்றார். வட்டம் போட்ட நிஜ மரம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போனார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லிண்டா காபிக் கோப்பையோடு தன் பாட்டியோவில் வந்து நின்றிருந்தாள். தனியாக இருப்பவள். ஒரு குரைக்கிற நாய் துணை. பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது. மெதுவாக வேலி அருகே வந்தாள்.

"ஐ தாட் யூ வேர் மேட் அட் மீ" என்றாள். இலையுதிர் காலத்திலிருந்து தினமும் இவருக்குக் கையசைத்தாளாம், இவர் திருப்பி அசைக்கவே இல்லையாம். நாய் குரைப்பதால் கோபம் என்று நினைத்து, பாவம், காலையில் அதை வெளியே விடுவதையே நிறுத்தியிருக்கிறாள்.

இவர் திகைத்துப்போனார். தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் பக்கத்து வீட்டில் ஒரு மனுஷியையும் ஒரு நாயையும் இத்தனை மாதம் தண்டித்திருக்கிறோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "நோ நோ, லிண்டா. மை ஹேண்ட் ஷேக்ஸ். ஐ வாஸ் ஷை" என்றார். முதல் ஆளிடம் சொல்ல மாதக்கணக்கில் ஆனது. இரண்டாவது ஆளிடம் சொல்ல அவள் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

லிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். கதவருகே போனதும் திரும்பிக் கையசைத்தாள். இவரும் வலது கையைத் தூக்கினார்.

நடுங்குகிற கையைத் தூரத்திலிருந்து பார்த்தால், யாரையோ பார்த்த சந்தோஷத்தில் பலமாக ஆட்டுகிற மாதிரிதான் தெரிகிறது.