பயந்து பயந்து பஸ் ஓட்டிய அண்ணா

எங்கள் அண்ணா ஆண்டவரிடம் போய் இந்தக் கிழமையோடு ஒரு வருடம். அவருடைய துணிச்சலைப் பற்றி எழுதும்படி நினைவு மலரைத் தொகுத்த உறவினர்கள் கேட்டார்கள். அவரோடு கூடப் பிறந்த கடைசித் தங்கை நான், எனக்குப் பொய் எழுத வராது. எங்கள் அண்ணா நன்றாகப் பயந்தவர்.

பள்ளிமுனையில் ஐந்து பேருக்கு மூத்தவராகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அப்பாவோடு கடலுக்குப் போனார். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடு நின்றது, படகு இல்லை. தெரிந்த ஒருவர் இலுப்பைக்கடவைக்கு ஓடும் தன் தனியார் பஸ்ஸுக்குச் சாரதி தேடினார். அதற்குக் கனரக வாகன லைசென்ஸ் வேண்டும். அண்ணாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

உப்பளப் பக்கத்து வெளியில் ஒரு பழைய லொறியில் பழகினார். ஒருநாள் சோறு கொண்டுபோனபோது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, லொறியை எடுக்காமல் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா, கடலுக்கே பயப்பிடாத ஆள் நீங்கள்?"

"கடலிலை விழுந்தால் நான் ஒருத்தன், பிள்ளை. இதிலை பின்னாலை அம்பது சீவன் இருக்கும்."

அன்றைக்கு அந்தப் பயம் எனக்கும் தொற்றிவிட்டது.

லைசென்ஸுக்கு ஓடிக் காட்டும் ட்ரயல் நாளன்று அண்ணாவுக்கு ஒரு பிடி சோறும் இறங்கவில்லை. அம்மா நெற்றியில் தீர்த்தம் தொட்டு அனுப்பினார். லொறியில் பரிசோதகர் பக்கத்தில் இருந்தார். சந்தி திரும்பியதும் மாதா சுரூபம். எங்கள் ஆட்கள் அதைக் கடக்கும்போது கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்விடும். பயத்தில் இருந்த அண்ணாவுக்குக் கேட்கவா வேண்டும்? ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். லொறி இடப்பக்கம் இழுத்தது. பரிசோதகர் எட்டிப் பிடித்து வளைத்ததால் ஓரத்தில் நின்ற கழுதை தப்பியது.

"மாதா உம்மைப் பார்த்துக்கொள்ளுவா, ஐசே. றோட்டை ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் பெயிலாக்கினார்.

ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. "கழுதை நிண்ட இடத்திலை ஒரு பிள்ளை நிண்டிருந்தால்?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் லொறிப் பக்கமே போகவில்லை. "வேண்டாம் ராசா, ஆரும் ஒருத்தற்றை படகிலை கடலுக்குப் போ" என்று அம்மா கெஞ்சினார். பஸ் முதலாளி வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பிய பிறகுதான் எழும்பிப் போனார். இரண்டாம் தடவை பாஸ்.

முதல் நாள் ஓட்டத்தில் நான் அவருக்குப் பின் சீற்றில் செபமாலையோடு இருந்தேன். ஒவ்வொரு தரிப்பிலும், "எல்லாரும் ஏறியாச்சே? ஒருத்தரும் தொங்கேல்லையே?" என்று கொண்டக்டரைப் பிடுங்கி எடுத்தார். கடலைக் கடக்கும் பெரிய பாலத்தில் காற்று அடித்தால் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார். ஆமை பஸ் என்று பெயர் வந்தது. பதினெட்டு வருடம் அந்த பஸ்ஸை ஓடினார். ஒரு உயிருக்கும் அவரால் சேதம் வரவில்லை. ஆனால் பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் நான் வாசலுக்கும் றோட்டுக்குமாக நடப்பேன்.

போன வருடம் ஒருநாள் பாலத்தில் அவருடைய இடக்கை விறைத்தது. பாலம் தாண்டியதும் பஸ்ஸை ஓரங்கட்டி, சனத்தைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இதயம் பலவீனம் என்றார் வைத்தியர். மகளின் படிப்பு முடியும்வரை மருந்தோடு ஓடலாமே என்று அண்ணி அழுதார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. இனி ஓடமாட்டன்," என்று அண்ணா சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்கள் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

அந்நாட்களில் இரவு பகலாகப் பராமரித்த தாதியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், பெயர் கேட்க மறந்துபோனேன். இலுப்பைக்கடவையிலிருந்து செத்தவீட்டுக்கு வந்த ஒரு அம்மா, பெட்டியருகில் நின்று என்னிடம் சொன்னார்:

"நாங்கள் அந்த பஸ்ஸிலை ஏறினால் நித்திரைதான், பிள்ளை. அவர் ஓடுறார் எண்டால் எங்களுக்கு என்ன பயம்?"

அதுவரை அடக்கியிருந்த நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அண்ணா ஒருவரே பயந்திருக்கிறார்.