தம்பிக்குக் ககரம் வந்த நாள்

நாலரை வயதாகியும் என் தம்பிக்குக் ககரம் வரவில்லை. கோழியைத் தோழி என்பான், காகத்தைத் தாதம் என்பான். அக்காவாகிய நான் அவனுக்கு 'அத்தா'. அவன் பேச்சு ஊரில் ஒருவருக்கும் புரியாததால், எட்டு வயதிலேயே எனக்கு மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்திருந்தது. அதை நான் நேர்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவன் கஞ்சி கேட்டால், பிஸ்கட் கேட்கிறான் என்று சொல்லி, பாதியை நான் தின்ற நாட்கள் உண்டு.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் சிரிப்பார்களே என்று அம்மாவுக்குக் கவலை. கொழும்பிலிருந்து மாதத்தில் ஒரு நாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் பேச்சு டொக்டர் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஆரையம்பதியிலிருந்து எங்கள் இருவரையும் பஸ்ஸில் கூட்டிப் போனார்.

பேச்சு டொக்டர் ஓர் இளம் பெண். மருந்துமில்லை, ஊசியுமில்லை. தம்பியின் முன்னால் கண்ணாடியைப் பிடித்து, அவன் நாக்கு நுனியை விரலால் கீழே அமர்த்திக்கொண்டு 'தா' சொல்லச் சொன்னார். அவன் 'தா' என்றுதான் சொன்னான். வெளியே வந்தது 'கா'! திகைத்துப்போய்க் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அரை மணி நேரத்தில் விரல் இல்லாமலே என்னைப் பார்த்து "அக்கா" என்றான். அம்மா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு எல்லாத்துக்கும் ககரம் போடுவார். ஏசாதீங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லி, அடுத்த தவணைக்கு ஒரு துண்டும் எழுதித் தந்தார் டொக்டர்.

அவர் சொன்னது பஸ் ஏறுமுன்னே பலித்தது. தேங்காய் கேங்காயானது. தம்பி தன்னைத்தானே கம்பி என்று அழைத்துக்கொண்டான். பஸ் முழுக்கச் சிரிப்பு.

பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஓர் ஆமிக்காரன் அம்மாவின் பையைக் காட்டி, "என்ன இருக்கு?" என்றான். அம்மா வாய் திறக்குமுன், ஆஸ்பத்திரித் துண்டை நினைத்துக்கொண்டு தம்பி முந்திக்கொண்டான்.

"குண்டு! அம்மாட பேக்ல குண்டு!"

ஆமிக்காரனுக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. துப்பாக்கி நிமிர்ந்தது. வரிசை சிதறியது.

"குண்டில்ல, துண்டு! துண்டு!" என்று நான் கத்தினேன்.

"ஓம், குண்டு!" என்று தம்பி தலையாட்டி எனக்கு உதவி செய்தான்.

எங்களுக்குப் பின்னால் நின்ற காத்தான்குடிப் புடவை வியாபாரி இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டே சிங்களத்தில் விளக்கினார். ஆமிக்காரன் நம்பவில்லை. பையை ரோட்டில் கொட்டினான். முகம் துடைக்கிற துவாய் ஒன்று, தண்ணீர்ப் போத்தல், ஆஸ்பத்திரித் துண்டு. துண்டைத் தூக்கித் தம்பியிடம் காட்டினான்.

"இது?"

"குண்டு."

போத்தலைக் காட்டினான்.

"கண்ணி."

"அல்லாவே, கண்ணிவெடியும் வந்திட்டுதே!" என்று வியாபாரி தலையில் கைவைத்தார்.

ஆமிக்காரன் கடைசியாக என்னைக் காட்டினான்.

"அக்கா" என்றான் தம்பி, தெளிவாக.

ஆமிக்காரனுக்குச் சிரிப்பு வெடித்தது. அதைப் பார்த்து, பயத்தில் சிதறி நின்ற வரிசையே சிரித்தது. பிறகு அவன் தம்பிக்கு முன்னால் குந்தி, டொக்டர் என்ன செய்தார் என்று வியாபாரி மூலம் விசாரித்தான். தம்பி வாயைத் திறந்து விரலை வைத்துக் காட்டினான். ஆமிக்காரன் இன்னொரு முறை காட்டச் சொன்னான். துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டுத் தன் நாக்கிலும் விரலை வைத்துப் பார்த்தான்.

சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து வியாபாரியைக் கூப்பிட்டார்.

"நானா, அவர்ட புள்ளைக்கு எத்தின வயசு எண்டு கேளுங்க."

ஆமிக்காரன் ஐந்து விரலைக் காட்டினான்.

"ஏசவும் வேணாம், அவசரப்படவும் வேணாம் எண்டு சொல்லுங்க. வரும்."

கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். எனக்கோ ஒரே குழப்பம். தனக்கொரு பிள்ளை இருப்பதாக அந்த ஆமிக்காரன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று ஆரையம்பதி வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை.