களைக்குக் கட்டிய கயிறு

வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்த ஆடி மாதம் முழுவதும் நான் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினேன். நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம். வாசலூர்பட்டி ஏரியிலிருந்து கிளம்பும் மூட்டம் காலையில் எங்கள் ராகிக் காட்டுக்கு ஏறி வரும். அது காட்டில் இருக்கிறதா, என் தலைக்குள் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படகு மிதிக்கும் சத்தம் கேட்கும், படகு தெரியாது. சிரிப்பு கேட்கும், சிரிக்கிறவர்கள் தெரியமாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உலகம் நாலடி தள்ளி நின்று நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் பிடிக்கவில்லை. என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், விரலில் ஊசி குத்திப் பார்த்தார்.

"தூக்கம் தூக்கம்னு சொல்றியே, இது தூக்கமில்ல கண்ணு. ஒடம்புல ரத்தம் இல்ல."

அடுத்த பரிசோதனைக்குள் ரத்தம் ஏறினால் பிரசவத்தை மலைமேலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏறாவிட்டால், வலி வருவதற்கு வெகு முன்பே கீழே இறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வலியோடு இறங்கியவர்களை அவர் நிறையப் பார்த்தவர். அதில் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் கீழே போக மனமில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் அடிவாரத்தில்தான். அங்கே எங்களுக்குச் சொந்தக் காடு, கிணறு, வீடு எல்லாம் உண்டு. ஆனால் அம்மா போய்விட்ட பிறகு அந்த வீட்டில் அப்பா மட்டும்தான். மலைக்காரரைக் கட்டிக்கொண்டு நான் மேலே வந்ததிலிருந்து அவர் ஒருமுறைகூட இந்தப் பக்கம் ஏறவில்லை. கோபம் என்று சொல்லமாட்டார். "காட்டுல வேலை" என்பார். அப்படிப்பட்டவரோடு அந்த வெயிலில், பெண் வாடையில்லாத வீட்டில், இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. தவிர, என் பிள்ளை முதன்முதலில் மூச்சு விடுவது இந்த மூட்டத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. ஆசைக்கெல்லாம் காரணம் கேட்டால் நான் என்ன செய்வேன்.

நர்ஸ் கொடுத்த மாத்திரையைப் போட்டால் அடுத்த நிமிஷம் வாந்தி. சோறு வாந்தி, இட்லி வாந்தி, பக்கத்து ஊர்ப் பலாப்பழ வாசத்துக்கே வாந்தி. வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் வழக்கத்தில் நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், கடைந்து போட்ட கீரை.

அந்தக் கீரையை யாரும் விதைக்கவில்லை. ராகிக்கு இடையில் தானாக முளைத்த களைதான் அது. மற்ற ஊர்களில் களை எடுப்பது ஒரு வேலை, கீரை பறிப்பது இன்னொரு வேலை. நங்கைக்கு இரண்டும் ஒன்று. அடுப்புக்கு வேண்டியதை மட்டும் கிள்ளுவார், மிச்சத்தை நாளைக்கென்று விட்டு வைப்பார். சுற்றிலும் எல்லோரும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்ட பிறகு, பயமில்லாமல் கிள்ளித் தின்னக்கூடிய களை இருந்தது எங்கள் காட்டில் மட்டும்தான். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மிளகு மிளகாகக் காய் பிடித்த சுக்குட்டிக்கீரை, புளிப்புக்குப் புளியாரை. நானும் ஒரு கூடையோடு போய்ச் சாலுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வேன். இரண்டு கை கிள்ளுவேன், கண் சொக்கும். விழித்தால் மூட்டம் இடம் மாறியிருக்கும், கூடை மட்டும் எப்படியோ நிறைந்திருக்கும்.

"தூங்கிக்கிட்டே கீரை கிள்ளுறவள இப்பத்தான் பாக்கறேன்" என்பார் நங்கை.

அவர் சமைப்பதை அடுப்பின் சூட்டில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். மண்சட்டியில் ஒரு கை அவரைப் பருப்பு வெந்ததும், உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் போடுவார். இலையைக் கடைசியில்தான் போடுவார். பச்சை மாறுவதற்குள் இறக்கி, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மத்தால் கடைவார். மிளகாய் கிடையாது. எங்கள் கொடி மிளகைத் தட்டிப் போடுவார். ராகிக் களியைக் குழித்து அதில் ஊற்றித் தந்தால், பச்சையும் கருப்புமாக ஆவி பறக்கும். நான் பேசாமல் சாப்பிடுவேன். வயிறும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

நர்ஸிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கீரையில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே என்றார். கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டியதும், பிள்ளையின் முதுகுத்தண்டுக்கு வேண்டிய சத்தும்கூட அதில் இருக்கிறதாம். "ஆனா கீரைய மட்டும் நம்பீட்டு மாத்திரைய உட்றாத. கீரை சாப்புட்டுட்டு மாத்திரை போடு, தங்கும்." தங்கியது. டீயை விட்டதுதான் பெரிய கஷ்டம். மூட்டத்தில் டீ இல்லாமல் இருப்பது எனக்குத் தவம் மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் அப்பா வந்தார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சோளக்காடு என்ற சந்தை ஊரில் பஸ்ஸை விட்டிறங்கி, விசாரித்து விசாரித்து, தோளில் துண்டும் கையில் முறுக்குப் பையுமாக வந்து வரப்பில் நின்றார். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான், அதுதான் முறை, கூட்டிப்போக வந்திருக்கிறார். மூட்டம் விலகிய இடத்தில் அவர் நிற்பதைப் பார்த்து, கனவு காண்கிறேன் என்று நினைத்து நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் பார்த்ததோ வேறு. நிறைமாதத்தை நெருங்குகிற மகள், முழங்கால் உயரக் களைக்குள், மண்ணில் உட்கார்ந்து கிடக்கிறாள்.

"ஏஞ்சாமி, இது காடா, பொதரா?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பார்த்தாலே தெரியாதா என்றிருந்தோம்.

தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அவருடைய கடலைக் காட்டில் ஒரு களை நின்று யாரும் பார்த்ததில்லை. களை நின்ற காடு அவருக்கு அழுக்குச் சட்டையோடு விருந்துக்குப் போகிற மாதிரி. களை எடுக்க வரும் பெண்கள் அதே தொய்யலையும் பண்ணையையும் மடியில் கட்டிக்கொண்டு போவதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீட்டு அடுப்புக்கு ஒருநாளும் வந்ததில்லை. வரப்பில் எறிவதற்குப் பெயர் எதற்கு என்று அதன் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து வெளியே வந்தபோது காடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ராகி மட்டும் வரிசையாக நின்றது. கொட்டகையில் கிடந்த களைக்கொத்தை எடுத்து, விடியும் முன்பே இறங்கி, தன் கையாலேயே அத்தனையையும் வேரோடு எடுத்துவிட்டிருந்தார். வெட்டிய களை பாறைமேல் மலையாகக் குவிந்திருந்தது. நங்கையின் ஆடுகளுக்குக் கல்யாண விருந்து. முழங்கால் வரை சேறோடு நடுவில் நின்ற அப்பாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம்.

"இனிமே குனிய வேண்டாங் கண்ணு" என்றார்.

நங்கை என்னையும் அவரையும் ஒருமுறை பார்த்தார். ஆட்டை விரட்டிவிட்டு, மிதிபடாமல் கிடந்த இலைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மதியம் அப்பாவுக்கும் அதே களி, அதே கடைசல், மேலே பிழிய எலுமிச்சை. பசியோடு சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்குதுங்க. என்ன கீரைங்க இது?"

"காத்தால நீங்க வெட்டிப் போட்டதுதானுங்க" என்றார் நங்கை. குரலில் குத்தல் இல்லை. "புள்ளைக்கு இதுதானுங்க வகுத்துல தங்குது. இதச் சாப்புட்டாத்தான் மாத்திரை நிக்குது. ரத்தம் ஏறலீன்னா மேல பெத்துக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லீட்டாங்க."

அப்பா தட்டை நகர்த்திவிட்டு வாசல் வழியே காட்டைப் பார்த்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கீரைக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. அவர் பாசத்தில்தான் செய்தார் என்பது புரிந்ததால் திட்டவும் முடியவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அவர் கைகழுவி, துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரேன் கண்ணு" என்றார். கூட்டிப்போக வந்தவர் கூப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். மறுபடியும் கோபம், இனி வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பின் வந்த நாட்கள் சரியாக நினைவில் இல்லை. முருங்கைக் கீரையைப் பொரித்துப் பார்த்தோம், வாசத்துக்கே ஓடினேன். மாத்திரை மறுபடி வெளியே வந்தது. ராகிக் காட்டில் புதுக் களை முளைக்கிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பேன். அப்பா செய்கிற வேலையில் மிச்சம் இருக்காது. நடக்கும்போது தரை கொஞ்சம் மிதந்தது. கீழே போகத்தான் போகிறேன் என்று மனதுக்குள் துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு ஒருநாள், சோளக்காட்டுக்கு மிளகு கொண்டுபோன என் வீட்டுக்காரர் ஈரமான ஒரு மூட்டையோடு திரும்பினார். பஸ் கண்டக்டர் இப்படிச் சொல்லிக் கொடுத்தாராம்: "அடிவாரத்துல ஒரு பெரியவர் குடுத்து உட்டாருங்க. வெயில் படாம வெச்சிருக்கச் சொன்னாரு. வழியெல்லாம் தண்ணி தெளிச்சுக்கிட்டே வந்தனுங்க."

மூட்டை அப்பாவின் துண்டு. பிரித்தால் உள்ளே தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. வேரை நறுக்கி, மண்ணைக் கழுவி, வகை வகையாகப் பிரித்து வாழைநாரில் கட்டியிருந்தது. அடியில் எங்கள் கிணற்றடி மரத்து எலுமிச்சை. வகை பிரிக்க அவர் யாரிடம் கேட்டிருப்பார்? களை எடுக்கும் பெண்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். என் அப்பா, வரப்பில் நின்று, இதற்கு என்ன பெயர், இது என்ன கீரை என்று கேட்கிற காட்சியை நினைத்தபடியே அன்று இரண்டு உருண்டை களி சாப்பிட்டேன். மாத்திரை தங்கியது.

துவைத்த துண்டு கீழே போகும், கீரையோடு மேலே வரும். ராகிக் காட்டில் மறுபடி களை தலைகாட்டும்வரை அந்தப் பஸ் எனக்காகவே ஓடியது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பரிசோதனையில் நர்ஸ் கருவியை இரண்டு தடவை பார்த்தார். "ஏறியிருக்குது. மேலயே பெத்துக்கோ" என்றார். மாத்திரைக்குப் பாதி, சாப்பாட்டுக்குப் பாதி என்று பெருமையைப் பங்கு போட்டார். நங்கை முழுவதையும் கீரைக்கே எழுதிவைத்தார். நான் யாருக்குக் கொடுத்தேன் என்பதை வெளியே சொல்லவில்லை.

ஐப்பசியில், மூட்டம் ஜன்னலில் முட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மகள் பிறந்தாள்.

குளிர் குறைந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். அப்பா வீட்டில் இல்லை, காட்டில் இருந்தார். கடலை எடுத்து முடிந்து, காடு முழுக்க உழுது வெறும் மண்ணாகக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் நாலு குச்சி ஊன்றி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. உழுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் தொடாதிருக்கக் கட்டியது. உள்ளே பண்ணைக்கீரை இடுப்பு உயரம் வளர்ந்து, வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் விட்டு, விதை முற்றி நின்றது. அடியில் மண் ஈரமாக இருந்தது. தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்.

வழியே போன பக்கத்துக் காட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தினார். "ஏனுங்க, ஊரே பாத்துச் சிரிக்குது. கயிறெல்லாம் கட்டி, அப்புடி என்னங்க வெள்ளாமை?"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து பேத்தியை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டார்.

"கீரைங்க. எம்புள்ளைக்குப் போட்டது."