மாமாவின் மணிமுள்

சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த தோழியும் நானும் சேர்ந்து ஒரு முகில் அறை செய்தோம். கண்ணாடி ஜாடிக்குள் ஸ்பிரிட் ஆவி இருக்கும். காற்றை அடிப்பதற்குப் பதில் உறிஞ்சும்படி தோல் வாஷரைத் திருப்பிப் போட்ட சைக்கிள் பம்பால் காற்றைச் சட்டென்று இழுத்தால் உள்ளே குளிர்ந்துவிடும். அப்போது துகள் ஏதாவது பாய்ந்தால் அது போன வழியெங்கும் பொடித் துளிகள் கோத்து நிற்கும். ஜாடி தயார், துகளுக்குத்தான் வழியில்லை. ஆய்வுக்கூடத்து ரேடியத்தைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பினாங்கிலிருந்து ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்திருந்தார். அதன் முட்கள் இருட்டில் பச்சையாக மின்னும். அந்தப் பூச்சில் ரேடியம் உண்டு. கேட்டதும் கழற்றிக் கொடுத்தார். ஜாடிக்குள் வைத்துப் பார்த்தோம். ஒன்றுமே தெரியவில்லை. ஒரு தாளைத் தாண்டவே திணறும் ரேடியத்தின் ஆல்ஃபா துகள் கடிகாரக் கண்ணாடியை எப்படித் தாண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்றதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. கடைசியில் கடைத்தெருக் கடிகாரக்காரரிடம் சொல்லி, சின்ன முள்ளை மட்டும் எடுத்துத் தந்தார். அதன்பின் யார் மணி கேட்டாலும், "இருவது நிமிசம் ஆவுது. எத்தன மணின்னு நீங்களே பாத்துக்குங்க" என்பாராம்.

முள்ளை ஊசிமுனையில் ஒட்டி ஜாடிக்குள் செருகிய அன்று மாமாவும் ரயிலேறி வந்துவிட்டார். கல்லூரி அறையின் ஜன்னல்களை அடைத்து, டார்ச் அடித்து, பம்பை இழுத்தேன். முள்ளிலிருந்து நாலாபுறமும் வெள்ளை இழைகள் கிளம்பி, ஒரு கணம் நின்று, கரைந்தன. தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா இத தள்ளிவுடறது?" என்றார் மாமா.

யாரும் தள்ள வேண்டாம், ரேடியம் அணு தானாகவே உடைகிறது, உடையும்போது ஒரு துணுக்கு தெறித்து ஓடுகிறது என்றேன்.

"அப்ப எங்கையில கெடந்தப்பவும் இப்படித்தான் ஓடிக்கினு இருந்துச்சா?"

ஆமாம், கண்ணாடியைத் தாண்டத்தான் அவற்றால் முடியவில்லை என்றேன். பிறகு பம்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். படமெடுக்கக் காமிராவோடு நாங்கள் காத்திருக்க, அவர் இழுத்து இழுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தார். அறையைப் பூட்ட வந்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இங்க பாருங்க, இப்ப வரும்" என்றார்.