உள்ளே கை வெச்சீங்களா?

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித் திருப்பதி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். பெயர்ப்பலகை கிடையாது. உதயா கடை என்றால் லாரிக்காரர்களுக்குக்கூடத் தெரியும். ரிப்பேரான வண்டியோடு வருகிற யாரையும் மெக்கானிக் உதயா இரண்டு கேள்வி கேட்பாள். எந்த நாளில் ஆரம்பித்தது? உள்ளே யாராவது கை வைத்தீர்களா? முதல் கேள்விக்குத் தலையைச் சொறிவார்கள். இரண்டாவதற்குப் பொய் சொல்வார்கள். நானும் சொன்னேன். ஆனால் அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது, முருகன் மேல் ஆணை.

நான் பூபாலன். திருத்தணிக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவன். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் என்று என் மனைவி எல்லம்மாள் வெளியாட்களிடம் நாசூக்காகச் சொல்வாள். கொஞ்சமாவது ஒன்றாவது! மின்சாரம் போனால் மின்கம்பத்தைத் திட்டுகிற ஆள் நான்.

என்னிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் வண்டி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை ஊருக்குள் ஓட்டி வந்தபோது பின்னாலேயே பாதித் தெரு ஓடி வந்தது. போன ஆனி மாதம் எல்லம்மாள் மெல்ல ஆரம்பித்தாள். "பாவா, பையன் சென்னைல கீறான். பொண்ணு பெங்களூருல கீறா. நம்ம ரெண்டு பேருக்கு இம்மாம் பெரிய வண்டி எதுக்கு? வித்துடலாம்." அவள் என் மாமன் மகள், அதனால் பாவா. நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் வண்டிக்கு அந்த வியாதி வந்தது. சாவியைத் திருப்பினால் போதும், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலேயே என்ஜின் கத்தும். நின்ற இடத்தில் ரேஸ். பரவாயில்லையே, வண்டிக்கு இளமை திரும்பிவிட்டது என்றுகூட முதலில் பெருமைப்பட்டேன். தை மாதத்தில் கத்தல் இன்னும் ஏறியது. பங்குனியில் ஒருநாள் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, மேலே வண்டி நிறுத்துகிற இடத்தில் கிளட்சை விட்டேன். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பூக்காரி சின்னம்மாளின் கூடையைத் தள்ளிவிட்டது. பானெட் மேல் மல்லி. "வண்டிக்குப் பூஜை போடணும்னா சொல்லிட்டுப் போடறது!" என்று அவள் கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மலை இறங்கும்போது அது சிரிப்பாக இல்லை. காலை எடுத்தாலும் வண்டி அடங்கவில்லை, தள்ளிக்கொண்டே போனது. பிரேக்கை அழுத்தி அழுத்தி எனக்குத் தொடை நடுங்கியது. எல்லம்மாள் இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள். "சித்திரை பொறக்கறதுக்குள்ள இது சரியாகணும். ஆகலன்னா வித்துடணும். சாமி மேல சத்தியம் பண்ணு பாவா."

பண்ணிவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறென்ன செய்ய?

இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் ஐடிலிங் வால்வை, அதாவது நின்ற இடத்தில் என்ஜின் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொள்கிற வால்வை, மாற்றினார். இன்னொருவர் சென்சாரை மாற்றினார். வண்டி இரண்டு பேரையும் மதிக்கவில்லை. பங்குனியின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வண்டியை எடுத்துப்போக எல்லம்மாள் ஒரு ஆளைப் பேசி வைத்துவிட்டாள். அன்று காலையில் கடைசி முயற்சியாக உதயாவிடம் போனேன். எல்லம்மாளும் கூடவே வந்தாள். நான் வண்டியை எங்காவது ஒளித்துவைத்துவிடுவேன் என்று பயம் போல.

உதயாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதார் மேல் ஆம்பிளைச் சட்டை, கொண்டையில் ஒரு பேனா. ஆர்.கே.பேட்டையில் எட்டு விசைத்தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். "எங்க வீட்ல சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும்ங்க. ஒரு தறி சத்தம் மாறினா முழிப்பு வந்துடும். எந்தத் தறின்னு படுத்துகினே சொல்லிடுவேன்" என்பாள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு அவள் போனபோது அந்த வகுப்பில் வேறு பெண்ணே கிடையாதாம். முதல் வாரம் பையன்கள் டூல்பாக்ஸை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இரண்டாவது வாரம் அவளிடமே சந்தேகம் கேட்டு வந்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதற்கப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம். அங்கே ஒரே நட்டை நாளெல்லாம் முடுக்கி அலுத்துப்போய், நோயாளி வண்டிகள்தான் வேண்டும் என்று இந்தக் கொட்டகையைப் போட்டாள்.

"எப்பலேர்ந்து நைனா?" என்றாள்.

"ரொம்ப நாளாம்மா."

"அப்டி ஒரு நாள் காலண்டர்ல இல்லைங்களே." சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள்.

யோசித்தேன். "ஆடிக் கிருத்திகை கழிச்சு."

"ஜாஸ்தியானது எப்போ?"

"தைக் கிருத்திகை ஆன மறுநாள்" என்று எல்லம்மாள் பட்டென்று சொன்னாள். உதயா கொண்டையிலிருந்து பேனாவை எடுத்து இரண்டையும் காலண்டர் ஓரத்தில் எழுதினாள்.

"உள்ள யாராவது கை வெச்சீங்களா?"

"நானா? எனக்கென்னம்மா தெரியும்? தண்ணி ஊத்தறதுகூட இவதான்."

"ஐயோ, நான் தண்ணி ஊத்தறதோட சரி" என்றாள் எல்லம்மாள்.

உதயா என்ஜினை ஓடவிட்டு ஒரு மீட்டரை மாட்டினாள். ஆயிரத்து எண்ணூறு சுற்று. எண்ணூறு இருந்தால் போதுமாம். குழாய் இணைப்புகள் மேல் ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டே வந்தாள். எங்காவது ஓட்டை வழியாகக் காற்று இழுத்தால் சத்தம் மாறும் என்றாள். மாறவில்லை. ஐடிலிங்குக்குக் காற்று போகிற சின்ன வழியைக் கட்டைவிரலால் அடைத்தாள். சத்தம் இறங்கவில்லை. மணி பன்னிரண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேர் பாத்தாச்சு, நீயும் விரல வெச்சிகினு நிக்கற! நாலு மணிக்கு வண்டி போயிடும்மா!" என்று கத்திவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நைனா, வண்டியவிட உங்களுக்குத்தான் ஐடிலிங் ஜாஸ்தியா கீது. மொதல்ல போயி டீ குடிச்சிட்டு வாங்க."

எல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாற்பது வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான் என்று தெரிந்தது. நான் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது உதயா என்ஜினுக்குள் ஒரு சின்ன நெம்புகோலை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினால் சத்தம் அடங்குகிறது. விட்டால் ஏறுகிறது.

"பாத்தீங்களா? காத்து போற கதவு முழுசா மூடல. கொஞ்சமா தெறந்தே கீது. ஆக்சிலேட்டர் கேபிள் அத இழுத்துப் புடிச்சிகினு இருக்குது. ஆனா கேபிள் நட்டு மேல கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கு, யாரும் திருப்பல. அப்ப நடுவுல யாரோ புடிக்கறாங்க."

காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். "ஆடிக் கிருத்திகை, தைக் கிருத்திகை. மெஷின் நல்ல நாள் பாத்தா ரிப்பேர் ஆவும்?"

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே என்ஜினுக்குப் பின்பக்கம், அடியில் போனாள். கை ஓரிடத்தில் நின்றது. டார்ச் அடித்தாள். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கேபிளையும் பக்கத்தில் போகும் ரப்பர் குழாயையும் சேர்த்துச் சுற்றி, எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப்போய், ஒரு கயிறு.

"இது இன்னா நைனா?"

"அது சாமி கயிறு..."

"யாரு கட்டினது?"

"நான்தான்."

"உள்ள கை வெச்சீங்களான்னு கேட்டேனே!"

"அது பூஜைம்மா! அது கை வைக்கறதா?"

உதயா ஒரு பழைய டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். பிறகு கட்டரை எடுத்தாள், ஒரு கணம் யோசித்துத் திரும்ப வைத்துவிட்டாள். "சாமி பாதத்துல வெச்சு வாங்கின கயிறு. இத நான் வெட்ட மாட்டேன். கட்டினவங்கதான் அவுக்கணும். எதுக்குக் கட்டினீங்க?"

எல்லம்மாள் பக்கத்தில் நிற்கிறாள். என்ன சொல்வேன்? "வண்டிய விக்கக் கூடாதுன்னு வேண்டிகினு கட்டினேன்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. விற்காமலிருக்கக் கட்டிய கயிறே வண்டியை விற்கிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. என் புத்தியை என்ன சொல்ல!

குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். சத்தம் இறங்கியது. மீட்டரில் ஆயிரத்து இருநூறு. எண்ணூறுக்கு வரவில்லை.

"இன்னொண்ணு இருக்குது, அதையும் அவுருங்க" என்றாள் உதயா.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். என் கயிறு இருந்த இடத்துக்குக் கீழே இன்னொரு கயிறு. அதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. மூன்று முடிச்சு, ஒன்றின் மேல் ஒன்று, அழகாக. என் வீட்டில் வேர்க்கடலை மூட்டைக்கு அந்த மாதிரி முடிச்சுப் போடுவது ஒரே ஆள்தான். திரும்பினேன். எல்லம்மாள் ரோட்டில் போகிற லாரிகளை மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா?"

"இன்னா எல்லம்மா? மலை எறங்கறப்பல்லாம் பல்லக் கடிச்சிகினு பிரேக்க மிதிக்கற. எனக்குப் பயமா கீது. அதான் தைக் கிருத்திகைக்குக் கட்டினேன். வண்டிக்காக ஒண்ணும் வேண்டிக்கல. நீ நல்லா இருக்கணும்னு வேண்டிகினேன்."

"அத அங்க போயா கட்டுவ?"

"உன்னுது அங்க இருந்துச்சு. சாமி வந்து பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டும்னு பக்கத்துலயே கட்டினேன்."

"என்னுது உனக்குத் தெரியுமா?"

"ஆடியிலயே தெரியும். தண்ணி ஊத்தறது யாரு?"

எட்டு மாதம் என் திருட்டுத்தனத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறாள், அதன் பக்கத்திலேயே எனக்காக வேண்டிக்கொண்டும் இருக்கிறாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, டீக்கடை ஆட்கள் பார்க்கும்படி என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லம்மாள் குனிந்து, வளையல் என்ஜினில் உரச, மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். சத்தம் அப்படியே அடங்கியது. உதயா மீட்டரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஆங். எண்ணூறு" என்றாள். பிறகுதான் மீட்டரைக் காட்டினாள். எண்ணூறேதான்.

மூன்றரை மணிக்கே, வண்டியை எடுத்துப்போக வரவேண்டிய ஆள் போன் செய்துவிட்டான். எல்லம்மாள் என் கையிலிருந்து பிடுங்கிப் பேசினாள். "வண்டி சரியாயிடுச்சிப்பா. விக்கறதுக்கில்ல. எத்தினி தடவ கேட்டாலும் விக்கறதுக்கில்ல." உதயா இரண்டு கயிற்றையும் பெட்ரோலில் அலசிக் காயவைத்து எங்களிடம் கொடுத்தாள். "பின்னால வர்ற வண்டி பாக்கற கண்ணாடிக் கொம்புல கட்டுங்க. வேற எங்கயும் வேணாம்."

கிளம்பும்போது ஜன்னலருகே வந்தாள். "நைனா, இனிமே உள்ள கை வைக்காதீங்க."

"நானா? நான் எதுக்கும்மா வைக்கறேன்?" என்றேன். இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்த சிரிப்பு திருத்தணி வரைக்கும் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

வீட்டுக்குப் போகவில்லை, நேராக மலைக்குப் போனோம். எங்கள் வண்டியைப் பார்த்ததும் சின்னம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனாள். அவளிடமே நாலு முழம் மல்லி வாங்கினோம். இறங்கும்போது வளைவில் காலை எடுத்தேன், வண்டி சொன்ன பேச்சு கேட்டது. பயத்தோடு பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். எல்லம்மாள் கதவைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் தூக்கி, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.